நோகாத கை

"சென்ற மாதம் ஆயிரத்து இருநூறு பேருக்கு அம்மை குத்தினார் குழந்தைவேலு! ஊரே மெச்சுகிறது!"

பத்திரிகையைக் கசக்கி எறிந்தார் தருமலிங்கம். அவருக்கும் அதே அம்மை குத்தும் உத்தியோகம்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முந்நூறு பேருக்குக் குத்தியிருந்தார். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அவர் பேரக் கேட்டாலே ஏன் இப்படி எரியுது உங்களுக்கு?" என்றாள் மனைவி அன்னபூரணி.

"கப்பல்ல பெரியம்மை வந்து இறங்கியிருக்கு. நான் கூப்பிட்டா துறைமுகத்துக் கூலிங்க ஓடறாங்க. சிராங்கூன் ரோட்டுல அவன்கிட்ட ரிக்‌ஷா போக வழியில்லாம வரிசை நிக்குது. என்ன மாயம் பண்றான்?"

"மாயமெல்லாம் இல்ல. நீங்க குத்தினா கை வீங்குது, காய்ச்சல் வருது. அவர் கை பஞ்சு. நோகவே நோகாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போன மாசம் அவர்கிட்டதான் குத்திக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கட்டிய மனைவியுமா! தருமலிங்கம் எழுந்து அவள் அருகே வந்தார்.

"எங்க, அந்தப் பஞ்சுக் கை செஞ்ச வேலையக் காட்டு!"

அன்னபூரணி ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். தோல் வழவழவென்று இருந்தது.

"புண்ணு எங்க? தழும்பு எங்க?"

"அதான் சொல்றேனே, ஒண்ணுமே வரல!"

புண் வந்து தழும்பு விழுந்தால்தான் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்து உடம்பில் ஏறியதாக அர்த்தம். தருமலிங்கம் பதறிப்போய்த் தன் ஊசிப் பெட்டியைத் தேடினார்.

அன்னபூரணி கசங்கிய பத்திரிகையை எடுத்து நீவினாள்.

"இந்த ஆயிரத்து இருநூறு பேர்ல நானும் ஒருத்தியாக்கும்!"