சாயங்காலச் சுருட்டு

"டாக்டர் கூடவே கூடாதுன்னு சொன்ன சுருட்டை நீயே அப்பாவுக்குப் பத்த வெச்சுக் குடுக்கப் போறியே, இது—"

"ஒண்ணே ஒண்ணுதாண்டி! ஊர்லேருந்து வந்து இறங்கினதும் ஆரம்பிக்காதே."

"நாப்பது வருஷமா இந்த நாத்தத்துக்காக அவரோட சண்டை போட்டவளாச்சே நீ?"

"போட்டேன். இப்போ அந்த அரைமணி நேரம் எனக்கு வேணும் ஜாஹ்னவி."

"பிடிக்கறது அப்பா. உனக்கு எதுக்கு?"

வைதேஹி தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் புகை எழுந்ததும் ஈஸிசேரில் கிடந்த கணவர் வரதுவின் முகம் மலர்ந்தது.

"வைதேஹி, உறையூர்ச் சுருட்டு உறையூர்ச் சுருட்டுதாண்டி!"

ஜாஹ்னவி அதை வெடுக்கென்று பிடுங்கிச் சொம்புத் தண்ணீரில் அமுக்கினாள்.

"ஐயோ, அணைக்காதேடி! உன் கால்ல விழறேன்!" என்று பதறினாள் வைதேஹி.

புகை கலையக் கலைய, வரதுவின் முகத்தில் வந்த களையும் வடிந்தது. மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமி, நீங்க யாரு? யாராத்துலேருந்து வந்திருக்கேள்?"