கதவோரச் செருப்பு

ஸ்கேன் எந்திரத்தின் தடதடப்பு ஓய்ந்து, குருவிக் கீச்சு போன்ற ஒலி மட்டும் மிஞ்சுகிறது. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் இன்னும் அசையாமல் குப்புறப் படுத்திருக்கிறாள். திரையில் அவள் மார்பகக் கட்டி முதல் படத்தில் வெள்ளைப் பொட்டாக இருக்கிறது. கட்டிக்குள் நீர் தாராளமாக அசைந்தால் இரண்டாவது படத்திலும் வெளுப்பு, பயமில்லை. அசைய இடமின்றிச் சிக்கியிருந்தால் கறுப்பு. இரண்டாவது படம் வருகிறது. டெக்னீஷியன் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய் அவளை எழுப்பி உட்காரவைக்கிறாள்.

"படம் நல்லா வந்துச்சாம்மா?"

"தெளிவா வந்திருக்குக்கா. டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு."

அந்தப் பெண் சிரிக்கிறாள். டெக்னீஷியன் கதவோரம் கிடந்த செருப்புகளை எடுத்துவந்து, குனிந்து, அவள் காலடியில் வைக்கிறாள். சிரிப்பு நின்றுவிடுகிறது.

"போன வருஷம் ஸ்கேன் எடுத்தப்ப நானேதானே போய்ப் போட்டுக்கிட்டேன்?"