இரண்டாவது சட்டி

வெளியே மலையிலிருந்து இறங்கிய புர்யாக் காற்று, கூரையில் பாரத்துக்கு வைத்த கற்களையும் மீறி ஓடுகளைத் தடதடக்க வைக்கிறது. உள்ளே, தன் சொந்த அடுப்படியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் தாரிங்கா. அடுத்த வீட்டு லுட்விக் அவளுக்காக யோத்தா என்னும் புளிப்புக் கோஸ் சூப் சமைக்கிறார். "நீங்க வாயே தொறக்கக் கூடாது" என்று வந்ததுமே சொல்லிவிட்டார். பெரிய சட்டியில் பீன்ஸ் விதையும் உருளைக்கிழங்கும் புகையூட்டிய பன்றி விலாவும் கொதிக்கின்றன. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. அவர் புளிக்கவைத்த முட்டைக்கோஸைக் கிண்ணத்தோடு தூக்குகிறார். தாரிங்காவின் விரல்கள் இடுப்பில் கட்டிய சமையல் துணியை முறுக்குகின்றன. வேகாத கிழங்கில் அந்தப் புளிப்பு பட்டால் போச்சு, பொழுது சாயும்வரை கொதித்தாலும் இறுகியே கிடக்கும். திராட்சைக் கொடி கவாத்து செய்வதைத் தவிர வேறெதுவும் அறியாத இந்த மனிதருக்கு அது தெரியுமா? கிண்ணம் சட்டிக்கு மேலே சாய்கிறது. சாய்ந்தபடியே நிற்கிறது. பிறகு நிமிர்கிறது. லுட்விக் குனிந்து கீழ்த்தட்டில் துழாவி, சின்னச் சட்டி ஒன்றை எடுத்து, கோஸைத் தனியாக அதில் கொட்டுகிறார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" வாயைத் திறந்தே விடுகிறாள்.

அவர் திரும்பவில்லை. காதுமடல் மட்டும் சிவக்கிறது. "யாரும் சொல்லல. போன வாரம் பூரா எங்க வீட்டுல கல்லு மாதிரி கிழங்கைத்தான் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்களே வந்து ஆக்கிப் போட்டிருப்பீங்க."

தாரிங்கா எழுந்து, அடுப்பிலிருந்து தன் காப்பிப் பாத்திரத்தை இறக்கி, இரண்டாவது சட்டிக்கு இடம் விடுகிறாள்.