சாமிக்குச் சிவப்பு சோடா

பாங்காக் ஆபீஸின் கார் நிறுத்துமிட மூலையில், தூண்மேல் பொம்மை வீடு போல இருக்கும் சின்ன சாமி வீட்டுக்கு முன்னால், மோட் சிவப்பு சோடா பாட்டில்களைப் படையலாக அடுக்கி ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரா செருகிக்கொண்டிருந்தான். நேற்று மீட்டிங்கில் தோற்றவன், சாமியிடம் முறையிட வந்திருக்கிறான் போல.

ஜெயித்த நூன் கையில் காபியோடு வந்து நின்றாள்.

"என்னண்ணே, மேல்முறையீடா?"

"சத்தம் போடாத. சாமி குடிக்கிறாரு."

பஸ் டிக்கெட் செயலியைப் புதிதாக எப்படிச் செய்வது என்று இருவருக்கும் ஒரு மாதமாகச் சண்டை. துண்டு துண்டாகப் பிரித்து, கன்டெய்னர் என்னும் தனித்தனி மென்பொருள் பெட்டிகளில் ஓட்டலாம் என்றான் மோட். கோடே எழுத வேண்டாம், திரையில் கட்டங்களை இழுத்து வைத்தே முடிக்கலாம் என்றாள் நூன். யார் வழி ஜெயிக்கிறதோ அவருக்கே செயலியின் முழுப் பொறுப்பு, தலைமைப் பதவி.

மோட்டுக்குத்தான் கிடைக்கும் என்று ஆபீஸே நம்பியது. போன சோங்க்ரான் புத்தாண்டுக்கு ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடியபோது, கூட்டம் தாங்காமல் விழுந்த பழைய செயலியை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவன் அவன். அதற்கு முந்தைய சோங்க்ரானிலும் அவனேதான், பாவம்.

"நேத்து நல்லாத்தாண்ணே பேசினீங்க. ஒரு கன்டெய்னர் செத்தா இன்னொண்ணு தானா எந்திரிக்கும்னதும் நம்ம மேனேஜர் அனோங் மேடம் அப்படியே மயங்கிட்டாங்க."

"அதுவும் எந்திரிக்கலன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்களே."

"அதுக்கு, 'தெரியாது மேடம், சாமியத்தான் கும்பிடணும்'னு எவனாவது சொல்லுவானா? அங்கதான் நான் ஜெயிச்சேன்."

"உண்மையச் சொன்னேன்."

நூன் சிரித்தாள். ஆனாலும் பாட்டில்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். இந்த ஆபீஸ் சாமி கேட்டதைக் கொடுத்துத் தொலைக்கிற சாமி என்று பெயர் வாங்கியது.

"முடிவை மாத்தச் சொல்லி வேண்டிடாதீங்கண்ணே. அம்மாகிட்ட வேற சொல்லிட்டேன்."

"சேச்சே. மாறவே கூடாது."

"அப்புறம் எதுக்கு இத்தனை சோடா? நாங்கல்லாம் கேட்டது கிடைச்சாத்தான் சாமிக்கு வாங்கி வைப்போம்."

மோட் கடைசி பாட்டிலையும் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான்.

"கிடைச்சிடுச்சே. இந்த சோங்க்ரானுக்கு நீ ஆபீஸ்ல, நான் ஊர்ல."