அத்தை முழிச்சிருந்தா அச்சு

"அத்தை கண்ணை மூடிட்டாங்கன்னா அவ்வளவுதான். உன் நாவலுக்கு ஆன கதிதான் இதுக்கும்," முதலாளி அறை வாசல்லயே நிறுத்திக் கிசுகிசுத்தார்.

பதிப்பகத்து உதவி ஆசிரியைக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வந்துச்சு. மூணு வருஷம் மண்டையை உடைச்சு எழுதின நாவல். போன மாசம் இதே அறையிலதான் வாசிச்சா. நாலாவது பக்கத்துல அத்தை கண்ணை மூடினவங்கதான், கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல. முதலாளி உதட்டைப் பிதுக்கிட்டார்.

அந்தப் பதிப்பகத்துல அதுதான் சட்டம். முதலாளியோட அப்பா போட்டது. தையல் கடைக்குப் பின்னாடி ஒத்தை அறையில தொழில் தொடங்கினப்போ, தங்கச்சியை உக்கார வச்சு 'குழாய் ரிப்பேர் செய்வது எப்படி'யை வாசிச்சுக் காட்டினார். தங்கச்சி இமைகூடக் கொட்டல. புத்தகம் சக்கைப்போடு போட்டுச்சு. அடுத்து ஒரு காதல் கதை வாசிச்சார். தங்கச்சி கண்ணை மூடிட்டாங்க. "தூங்கிட்டா. திருப்பி அனுப்பு!"

அந்தத் தங்கச்சிதான் இந்த அத்தை. 'சுவர்க் கசிவு: காரணமும் தீர்வும்', 'வருமான வரி வழிகாட்டி'ன்னு அத்தை முழிச்சுக் கேட்டதா போட்டுப் போட்டே ஒத்தை அறை நாலு மாடி ஆயிருச்சு.

விஷயம் அத்தைக்கு மட்டும் தெரியாது. தெரிஞ்சா பாவம் பார்த்து முழிச்சிருப்பாங்கன்னு முதலாளி மூச்சு விட்டதில்ல.

"ஆனா சார், நாம திருப்பி அனுப்பின நாவலை எல்லாம் எதிர்த்த பதிப்பகக்காரர் போட்டு, பரிசா வாங்கிக் குவிக்கிறாரே?"

"பரிசு குடுக்கறவனுக்கெல்லாம் நம்ம அத்தை ரசனை இருக்குமாம்மா? போய் வாசி. இது தேறிட்டா நாளைக்கே உன் நாவலுக்கு இன்னொரு வாய்ப்பு."

வாசிக்க வேண்டியது பதிப்பகத்தோட வளர்ச்சி வரலாறு. முதலாளி வாயால சொல்லச் சொல்ல எழுதினது. முதல் அத்தியாயத்துல அச்சு மெஷின் வாங்கினாங்க. ரெண்டாவதுல அதை வித்தாங்க. மூணாவது முழுக்க கிடங்குக்குக் கூரை மாத்தினாங்க.

கூரை பாதி மாறறதுக்குள்ள, கூட உக்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்த கணக்காளர் தலை தொங்கிருச்சு. நாலாவதுல, முதலாளிகிட்ட இருந்தே 'கொர்ர்'னு ஒரு சத்தம்.

அத்தை மட்டும் கண்ணை உருட்டி உருட்டி முழிச்சுக்கிட்டு, ஆணி அடிச்ச மாதிரி உக்கார்ந்திருந்தாங்க.

"முற்றும்!"னு இவ கத்தினதும் முதலாளி துள்ளி எழுந்தார். "நான் தூங்கல. யோசிச்சுட்டிருந்தேன்!"

அப்படியே இவ காதுகிட்டக் குனிஞ்சார். "பார்த்தியா, கண்ணே கொட்டல! அச்சுக்கு அனுப்பிரு."

அப்புறம் ஊருக்கே கேக்கற மாதிரி, "அத்தை, நாளைக்கு இவ நாவல்! மறுபடி வாசிக்கப் போறா!" கணக்காளரை உலுக்கி எழுப்பி, கூட்டிட்டுப் போயிட்டார்.

உதவி ஆசிரியை அத்தைகிட்டப் போனா. குத்தலாவே கேட்டா.

"கூரை மாத்தினது அவ்வளவு சுவாரசியமா இருந்துச்சா அத்தை?"

அத்தை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினாங்க.

"உயிரே போயிருச்சும்மா! இந்த மாதிரி நேரத்துல கண்ணை மூடினா அப்படியே தூங்கிருவேன். வாசிக்கிற புள்ள மனசு நோகுமே! அதான் தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழிச்சிருப்பேன். அண்ணன் காலத்துல இருந்து கிள்ளி, தொடையே கன்னிப் போச்சு."

"அப்ப... என் நாவலுக்கு?"

அத்தை முகம் மலர்ந்துச்சு.

"நல்ல கதைன்னா நான் கண்ணை மூடிக்குவேன்மா. அப்பதான் அதுல வர்ற ஆளுங்க எல்லாம் எதிர்ல வந்து நிப்பாங்க. நாளைக்கு நீ கவலையே படாம வாசி. முதல் வரியிலேயே மூடிக்கறேன் பாரு!"