புத்தகத்தின் தலைமாட்டில்

ஜப்பான்காரன் வந்து இது மூன்றாவது வருடம். மம்பா ஊருக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், அத்தாப்பு ஓலைக் கூரையின் ஓட்டைகள் வழியே காலை வெயில் மண் தரையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. இரண்டாம் வகுப்புக்கு இருப்பது ஒரே புத்தகம். அதை நடுவில் விரித்து, நான்கு பிள்ளைகளும் நான்கு பக்கம் உட்கார்ந்துதான் வாசிக்கப் பழகினார்கள். ராக்கம்மாவின் இடம் புத்தகத்தின் தலைமாட்டில். மற்ற மூவரையும் இந்த மாதக் குளிர்காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோய்விட்டது. பெர்னார்ட் வாத்தியார் ஒரு பெயரை மட்டும் கூப்பிடுகிறார். ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தபடி, ‘உள்ளேன்’ என்பதற்கு அவள் “ஹாய்” என்கிறாள். அவர் புத்தகத்தை அவள் பக்கமாக நேராகத் திருப்பி வைக்கிறார். மரவள்ளி மாவால் ஒட்டிய பக்கத்தில் ஒரு மாடு நிற்கிறது. “வாசி புள்ள.” அவள் விரல் முதல் எழுத்திலேயே நிற்கிறது. “நல்லாத்தானே வாசிச்சிக்கிட்டிருந்த?” “இந்த எழுத்து எனக்குத் தெரியாது சார்.” அவளே புத்தகத்தைப் பழையபடி திருப்புகிறாள். மாடு கால்களை மேலே தூக்கிக்கொள்கிறது. “மாடு புல் மேயும்” என்று தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். பக்கம் முடிந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே காலியாக இருக்கும் இடத்தைப் பார்க்கிறாள். “அர்ச்சுனன்தான் சார் பக்கத்தத் திருப்புவான்.”