இரண்டாவது ஒன்றரை

அப்பா மூச்சு விடுகிறார்.

எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. நடுவில் இவ்வளவு இடைவெளி முன்பும் இருந்ததா?

தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோதுதான் தெரிந்தது. என் போனில் ஒன்று நாற்பது. அடுப்பின் மணிக்கூட்டில் இரண்டு நாற்பது.

நவம்பரின் முதல் ஞாயிறு. கனடாவில் இன்றிரவு இரண்டு மணியானதும் மறுபடி ஒரு மணி. போன் தானாகத் திரும்பிவிட்டது. அடுப்பு மணிக்கூட்டை நாங்கள்தான் திருப்ப வேண்டும்.

அப்பாவுக்குப் புற்றுநோய். வலி மருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவு மருந்து என் பொறுப்பு. நேரத்துக்கு மணி அடிக்கும் ப்ரோக்ராமும் நான் எழுதியதுதான். எந்த ஊரில் எப்போது நேரம் மாறும் என்ற அட்டவணையைக்கூட அதில் சேர்த்திருந்தேன். புதிய அட்டவணை வரும்போதெல்லாம் மாற்றுவேன். மார்ச்சில் ஒரு மணி நேரம் காணாமல் போகுமே, அப்போது மருந்து தவறிவிடும் என்று பயந்து, அதற்கு வழி செய்தேன்.

ஒரே நேரம் இரண்டு முறை வந்தால் என்ன செய்வதென்று எழுதவில்லை.

ஒன்றரைக்கு மணி அடித்தது. கொடுத்தேன்.

தூங்கிப்போனேன்.

ஒன்றரைக்கு மணி அடித்தது.

மருந்து நேரம் குறிக்கும் கொப்பியில் ஒன்றரைக்கு நேரே சரி போட்டிருந்தது. சரி போட்டுவிட்டுத்தான் நான் மருந்துப் போத்தலைத் திறப்பேன். போட்ட கையோடு, மருந்து கொடுக்காமலே கண்ணயர்ந்துவிட்டேனாக்கும் என்று நினைத்தேன்.

கொடுத்தேன்.

வீட்டுக்கு வரும் தாதி நிறோஜா அக்கா, எந்த நேரமும் எடுக்கலாம் என்று நம்பர் தந்திருந்தார். எடுத்தேன்.

“ரெண்டு தரம் குடுத்திட்டன் அக்கா.”

“எத்தினை மணிக்குப் பிள்ளை?”

“ஒண்டரைக்கு.”

“மற்றது?”

“அதுவும் ஒண்டரைக்குத்தான்.”

“சரி, அழாதை. மருந்து கூடினா மூச்சுக் குறையும். ஒரு நிமிசத்துக்கு எத்தினை மூச்செண்டு எண்ணு.”

பன்னிரண்டு.

“தட்டிப் பார்.”

தோளைத் தட்டினேன். கண் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“பத்துக்குக் கீழ போனா உடன ஆம்புலன்ஸுக்கு அடி. நான் வெளிக்கிட்டன். அம்மாவை எழுப்பிச் சொல்லு.”

அம்மா அந்த ப்ரோக்ராமைப் பற்றிக் கோயிலில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். என்ர மகள் செய்தது, என்று.

எழுப்பத் தேவையிருக்கவில்லை. கதவடியில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று கிழமையாக இரவு முழுதும் வலியில் அப்பாவின் அனுங்கல் கேட்ட அறை. இப்போது ஒன்றுமில்லை. அதுதான் அம்மாவை எழுப்பியிருக்க வேண்டும்.

அப்பாவின் நெற்றியைத் தடவினார். சிரித்தார்.

“இண்டைக்காவது மனுசன் நோவில்லாமல் நித்திரை கொள்ளுது. எல்லாம் உன்ர புண்ணியம்.”

பதினொன்று.

கட்டிலில் நகர்ந்து இடம் விட்டேன்.

“இதிலை இருங்கோ அம்மா. ஒண்டு சொல்லோணும்.”